பழைய நட்பு, புதிய இனங்கள்: நாய்கள் குறித்த வாசகர் கேள்வி-பதில்

நாய்களின் வரலாறு, இனங்கள், வளர்ப்பு ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கப்படுகிறது. ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்கள் ஒரே கேள்வியாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: காட்டு ஓநாயைப் பிடித்து வந்து வளர்த்துத்தான் மனிதன் அதை நாயாக மாற்றினான் என்று பள்ளியில் படித்தேன். அது எப்போது நடந்தது? உண்மையில் அப்படித்தான் நடந்ததா?

பதில்: நாயின் முன்னோர் சாம்பல் ஓநாய்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், இன்று காடுகளில் வாழும் ஓநாய்க் கூட்டங்களில் எதுவும் நாய்க்கு நேரடி முன்னோர் அல்ல. நாய்கள் தோன்றக் காரணமாக இருந்த பழைய ஓநாய்க் கூட்டம் அழிந்துவிட்டது. இன்றைய ஓநாயும் இன்றைய நாயும் ஒரே பாட்டனின் வழிவந்த பங்காளிகள் என்பதே மரபணு ஆய்வுகள் காட்டும் உறவு. இடத்தைப் பொறுத்தவரை ஐரோப்பா, சைபீரியா, கிழக்காசியா என வெவ்வேறு பகுதிகளுக்கு ஆதரவாக ஆய்வுகள் வந்துள்ளன. வழக்கு இன்னும் தீரவில்லை. காலத்தைப் பொறுத்தவரை, நாய் என்று ஐயமின்றி ஏற்கப்படும் எலும்புகளில் மிகப் பழையவை ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. மனிதன் ஆடு, மாடு வளர்ப்பதற்கும் பயிர் செய்வதற்கும் முன்பே, வேட்டையாடி அலைந்த காலத்திலேயே, நாய் அவனோடு சேர்ந்துவிட்டது. வேறு எந்த விலங்கைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியாது.

அந்தப் பழைய எலும்புகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜெர்மனியின் பான் நகருக்கு அருகில் உள்ள ஓபர்காசல் என்னும் இடத்தில், 1914ஆம் ஆண்டு கல் வெட்டிய தொழிலாளர்கள் ஒரு கல்லறையைக் கண்டனர். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அதில் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். அவர்களோடு ஒரு நாய்க்குட்டியும் புதைக்கப்பட்டிருந்தது. 2018இல் வெளியான ஆய்வில் கால்நடை மருத்துவ அறிவுடைய அறிஞர்கள் அந்தக் குட்டியின் பற்களைப் பரிசோதித்தபோது, எனாமலில் இருந்த குறைகளைக் கொண்டு, அதற்கு ஏறத்தாழ ஐந்து மாத வயதில் டிஸ்டெம்பர் நோய் கண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். டிஸ்டெம்பர் வந்த குட்டி வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துவண்டு, தானாக உணவு தேட இயலாமல் கிடக்கும். யாரேனும் நீர் புகட்டித் துடைத்துப் பேணாவிட்டால் சில நாட்களுக்குமேல் பிழைப்பது அரிது. இந்தக் குட்டியோ வாரக்கணக்கில் உயிரோடு இருந்து, ஏழாம் மாதத்தை எட்டிய நிலையில் இறந்திருக்கிறது. நோயுற்ற குட்டியால் வேட்டைக்கோ காவலுக்கோ எந்தப் பயனும் இருந்திருக்காது. இருந்தும் அதற்குப் பணிவிடை செய்திருக்கிறார்கள். பனியுகத்தின் இறுதியில் வாழ்ந்த அந்த மக்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றுள் இதைவிட நெகிழ வைக்கும் செய்தி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஓநாய் எவ்வாறு மாறியது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன. மனிதர்கள் ஓநாய்க் குட்டிகளை எடுத்து வளர்த்தார்கள் என்பது ஒன்று. மனிதக் குடியிருப்புகளின் ஓரத்தில் கிடந்த மிச்சங்களைத் தேடி வந்த ஓநாய்களுள், மனிதனைக் கண்டு அதிகம் மிரளாதவை அதிகம் தின்று, அதிகம் குட்டி ஈன்று, தலைமுறை தலைமுறையாகத் தாமாகவே சாதுவாகின என்பது மற்றொன்று. சாதுத் தன்மையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதை அறிய, ரஷ்ய அறிஞர் திமீத்ரி பெல்யாயெவ் 1959இல் நோவோசிபிர்ஸ்க் நகரில் வெள்ளி நரிகளைக் கொண்டு ஒரு சோதனையைத் தொடங்கினார். மனிதரை அஞ்சாத நரிகளை மட்டும் இணை சேர்த்துவர, சில தலைமுறைகளிலேயே வாலாட்டி, முனகி, மனிதரை நாடிவரும் குட்டிகள் பிறந்தன. அந்த நரிகள் ஏற்கெனவே உரோமப் பண்ணைகளில் பல தலைமுறைகளாக வளர்ந்தவை என்பதால் அச்சோதனையை ஓநாயின் கதைக்கு முழுச் சான்றாகக் கொள்ள முடியாது என்ற மறுப்பும் உண்டு. அந்த மறுப்பு நியாயமானதே. இருப்பினும், குணத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால் மாற்றம் எவ்வளவு விரைவாக வரும் என்பதை அச்சோதனை தெளிவாகக் காட்டிவிட்டது.

கேள்வி: எங்களிடம் இருக்கும் நாயின் இனம் ஐயாயிரம் ஆண்டுகள் பழமையானது என்றும், பழைய எகிப்தியச் சுவரோவியங்களில் அது இடம்பெற்றுள்ளது என்றும் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஓர் இனம் அவ்வளவு காலம் மாறாமல் இருக்குமா?

பதில்: மெலிந்த உடலும் நீண்ட கால்களும் நிமிர்ந்த காதுகளும் கொண்ட வேட்டைநாய்கள் எகிப்திய ஓவியங்களில் இருப்பது உண்மை. அந்த ஓவியத்தில் இருக்கும் நாயும் உங்கள் வீட்டு நாயும் இடையறாத ஒரே வம்சம் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. 2004இல் 85 இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு வெளியிடப்பட்ட ஆய்வு, எகிப்திய மன்னர்களின் பெயரையே தாங்கியிருக்கும் ஃபாரோ ஹவுண்டும், அதைப் போலவே பழமை பேசப்படும் இபிசன் ஹவுண்டும், அண்மைக் காலத்தில் பிற இனங்களிலிருந்து உருவாக்கப்பட்டவை என்று காட்டியது. அதே ஆய்வில் பசென்ஜி, சலூகி, அகிதா, சௌசௌ, சைபீரியன் ஹஸ்கி போன்ற சில இனங்கள் ஓநாய்க்கு மரபணு வழியில் மற்றவற்றைவிட நெருக்கமாக நின்றன. மற்ற கிளைகளோடு அவை குறைவாகவே கலந்தன என்பதற்கு அது சான்று. இன்றைய உருவத்திலேயே அவை ஐயாயிரம் ஆண்டுகள் இருந்தன என்பதற்குச் சான்றாகாது.

ஐரிஷ் உல்ஃப்ஹவுண்டின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அயர்லாந்தில் ஓநாய்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அற்றுப்போயின. அவற்றை வேட்டையாடிய பெரிய நாய்களுக்கு வேலை இல்லாமல் போகவே அவையும் அருகின. 1860களில் தொடங்கி ஜார்ஜ் அகஸ்டஸ் கிரஹாம் என்னும் படை அதிகாரி, எஞ்சியிருந்த சில நாய்களோடு டீர்ஹவுண்ட், கிரேட் டேன் முதலிய இனங்களைக் கலந்து, பழைய வர்ணனைகளுக்குப் பொருந்தும் உருவத்தை மீண்டும் உண்டாக்கினார். இன்று நாம் காணும் நாய் அவருடைய உழைப்பின் பயன். அதில் இழிவு ஏதும் இல்லை. ஆனால் அதற்குப் பண்டைய வயதைச் சூட்டுவது சரியல்ல.

இன்று நாம் ‘இனம்’ என்று சொல்லும்போது மனத்தில் கொள்வது எழுதப்பட்ட தர அளவையும், மூடப்பட்ட வம்சாவளிப் பதிவேட்டையும், தாய் தந்தை இருவரும் அப்பதிவேட்டில் இருக்க வேண்டும் என்ற விதியையும்தான். இவை அனைத்தும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தவை. அதற்கு முன் நாய்கள் வேலையை வைத்தே பிரிக்கப்பட்டன: 1570இல் இங்கிலாந்தின் மருத்துவர் ஜான் கேயஸ் பிரிட்டனின் நாய்களைப் பற்றி இலத்தீனில் எழுதிய நூலில் வேட்டைக்கானவை, மந்தைக்கும் காவலுக்குமானவை, மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கானவை என்றுதான் வகுத்தார். நன்றாக ஓடிய நாயை நன்றாக ஓடிய நாயோடு சேர்த்தார்கள். அதன் பாட்டன் யாரென்று யாரும் ஏடு பார்க்கவில்லை. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பாயின்டர், செட்டர் ஆகிய இரு வகை நாய்களுக்கு மட்டும் நடத்தப்பட்ட போட்டி முதல் முறையான நாய்க் கண்காட்சியாகக் கருதப்படுகிறது. நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யும் அமைப்பான கென்னல் கிளப் 1873இல் இலண்டனில் தோன்றியது. 1884இல் அமெரிக்காவிலும், 1911இல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்தும் இத்தகைய அமைப்புகளை ஏற்படுத்தின. ஜெர்மன் ஷெப்பர்டுக்கான சங்கம் 1899இல் தொடங்கப்பட்டது. லாப்ரடாரை இங்கிலாந்தின் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது 1903இல்தான். நாயோடு மனிதனுக்குள்ள நட்பு பதினான்காயிரம் ஆண்டுப் பழமை என்றால், பதிவேட்டு இனத்தின் வயது நூற்றைம்பது ஆண்டுகள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஓர் உள்ளங்கையில் அடங்கும் சிவாவாவும், நின்றால் ஆள் இடுப்பைத் தொடும் கிரேட் டேனும் ஒரே உயிரினம் என்பதை நம்பவே முடியவில்லை. இவ்வளவு வேறுபாடு எப்படி வந்தது?

பதில்: மனிதரின் உயரத்தைத் தீர்மானிப்பதில் ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் சிறிது சிறிதாகப் பங்கு கொள்கின்றன. நாய்களில் நிலைமை வேறு. மனிதன் வேண்டிய வடிவத்தை விடாமல் தேர்ந்தெடுத்ததால், பெரிய விளைவைத் தரும் சில மரபணுக்களே வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிட்டன. ஐ.ஜி.எஃப்-1 என்னும் மரபணுவின் ஒரு வடிவம் சிற்றுருவ நாய்களில் பரவலாக இருப்பது 2007இல் கண்டறியப்பட்டது. அதே வடிவம் ஏறத்தாழ 54,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சைபீரிய ஓநாய் ஒன்றிலும் இருந்தது என்று 2022இல் தெரியவந்தது. மனிதன் அதை உருவாக்கவில்லை. ஓநாயிடம் ஒளிந்திருந்ததைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினான். டேக்ஸ்ஹுண்டு, கார்கி, பேசட் ஆகியவற்றின் குட்டைக் கால்களுக்கு ஒரே மரபணுவின் கூடுதல் நகல் ஒன்றுதான் காரணம். உரோமம் நீளமா, சுருளா, மீசை தாடி உண்டா என்பதையும் பெரும்பாலான இனங்களில் மூன்றே மரபணுக்கள் முடிவு செய்கின்றன.

கேள்வி: நாயினங்களும் அழிந்துபோவது உண்டா?

பதில்: பல அழிந்திருக்கின்றன, பெரும்பாலும் அவற்றின் வேலை அழிந்தபோது அவையும் அழிந்தன. ஐரோப்பியச் சமையற்கூடங்களில் சக்கரத்துக்குள் நடந்து நடந்து, நெருப்பின்மேல் இறைச்சிக் கம்பியைச் சுழற்றிய குட்டைக் கால் நாய்கள் இயந்திரங்கள் வந்தபின் மறைந்தன. வேல்ஸ் நாட்டின் அபெர்கவென்னி அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்ட அத்தகைய நாய் ஒன்று இருக்கிறது.

ஆனால் நான் அதிகம் வருந்துவது, வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழ்ந்த சாலிஷ் மக்களின் கம்பளி நாய்க்காகத்தான். ஆட்டு உரோமத்தைப்போல் அடர்ந்த அதன் வெண்ணிற உரோமத்தைக் கத்தரித்து, மலையாட்டு உரோமத்தோடும் செடிநாரோடும் சேர்த்து நூற்று, அப்பெண்கள் போர்வைகளை நெய்தார்கள். உரோமத்தின் தரம் கெடாதிருக்க, ஊரில் திரிந்த வேட்டைநாய்களோடு இவை கலந்துவிடாதபடி தனித் தீவுகளிலும் பட்டிகளிலும் அடைத்து, சால்மன் மீன் ஊட்டி வளர்த்தார்கள். பதிவேடும் கண்காட்சியும் இல்லாமல், ஒரு பயனுக்காக, வாய்வழி அறிவைக்கொண்டே ஓர் இனத்தைப் பல நூற்றாண்டுகள் காத்த மக்கள் அவர்கள். குடியேறிகளின் வருகையோடு நோய்களும் ஒடுக்குமுறையும் வந்து அச்சமூகத்தின் வாழ்க்கை குலைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாய்களும் இல்லை. 1859இல் இறந்த ‘மட்டன்’ என்னும் பெயருடைய ஒரு நாயின் தோல் மட்டும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்தது. 2023இல் அதன் மரபணுவை ஆராய்ந்தபோது, ஐரோப்பியர் வருகைக்கு மிக முன்பே பிற நாய்களிடமிருந்து பிரிந்துவிட்ட கிளை அது என்று தெரிந்தது. அந்த ஆய்வில் சாலிஷ் முதியோரின் வாய்மொழி நினைவுகளும் சான்றாக ஏற்கப்பட்டன என்பது மனநிறைவு தருகிறது.

கேள்வி: மேய்ப்பு நாய் என்றால் புத்திசாலி, காவல் நாய் என்றால் முரடு என்று இனத்தை வைத்தே குணத்தைச் சொல்லிவிடலாமா?

பதில்: ஓரளவுக்குச் சொல்லலாம், பலர் நினைக்கும் அளவுக்குச் சொல்ல முடியாது. ஓநாயின் வேட்டையில் ஒரு வரிசை உண்டு: இரையை நோக்குதல், உற்றுப் பார்த்துப் பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல். மனிதன் தன் தேவைக்கேற்ப இந்த வரிசையின் வெவ்வேறு பகுதிகளை வளர்த்தும் அடக்கியும் இருக்கிறான். மேய்ப்பு நாயான பார்டர் காலி தலையைத் தாழ்த்தி, கண் இமைக்காமல் ஆட்டைப் பார்த்தபடி ஊர்ந்து செல்வது அந்த வரிசையின் முற்பகுதி மிகையாக வளர்ந்ததால் வந்தது. கவ்வும் இயல்பு அதில் அடக்கப்பட்டிருக்கிறது. வேட்டை நாயான ரிட்ரீவர் கவ்வும், ஆனால் வேட்டையில் வீழ்ந்த பறவையின் இறகு கசங்காமல் கொண்டுவந்து கையில் கொடுக்கும். மந்தையோடு படுத்துறங்கும் காவல் நாய்களிடமோ வரிசையின் பெரும்பகுதி மங்கிவிட்டது. அதனால்தான் ஆடுகளும் அவற்றைக் கண்டு மிரள்வதில்லை.

இவை தலைமுறைகளின் தேர்வால் வந்தவை. எனினும் தனி ஒரு நாயின் குணத்தை முன்கூட்டிச் சொல்ல இனத்தின் பெயர் பெரிதும் உதவாது. 2022இல் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் அளித்த விவரங்களையும், அவற்றுள் 2,000க்கும் மேற்பட்டவற்றின் மரபணுக்களையும் ஒப்பிட்ட ஆய்வில், நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்கியது. மனிதர் சொல்வதைக் கேட்டு நடக்கும் இயல்பில் இனத்தின் பங்கு சற்றுக் கூடுதல். எளிதில் சீண்டப்பட்டுச் சீறும் இயல்பில் மிகக் குறைவு. மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரையிலான பருவத்தில் குட்டி எத்தனை மனிதர்களை, ஒலிகளை, பிற விலங்குகளை அச்சமின்றிப் பழகியது என்பது அதன் பிற்கால குணத்தைப் பெரிதும் வடிவமைக்கிறது. இனத்தின் பெயரைக் கேட்டதும் ஒரு நாயை அஞ்சுவதும், அதே காரணத்துக்காகக் குழந்தையைக் கவலையின்றி அதனிடம் விடுவதும் ஒரே தவற்றின் இரண்டு பக்கங்கள்.

கேள்வி: ஒவ்வாமை உள்ளவர்களுக்கென்றே உள்ள இனம் எது?

பதில்: அப்படி ஓர் இனம் இல்லை. ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் உமிழ்நீரிலும் தோல் துகளிலும் உள்ளன; முடி கொட்டாத நாயிடமும் அவை உண்டு. ஒவ்வாமை தராதவை என்று புகழப்படும் நாய்கள் உள்ள வீடுகளிலும் மற்ற வீடுகளிலும் தூசியை அளந்து பார்த்த ஆய்வில் வேறுபாடு காணப்படவில்லை. குறிப்பிட்ட ஒரு நாயோடு சில நாட்கள் பழகிப் பார்த்து, மருத்துவரையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் பக் நாய் உறங்கும்போது பலமாகக் குறட்டை விடுகிறது. சிறிது நடந்தாலே இரைக்கிறது. அந்த இனத்துக்கு அது இயல்புதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: அந்த இனத்தில் அது பரவலாக இருக்கிறது, அதனாலேயே அது இயல்பு ஆகிவிடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பக் போன்ற தட்டை முக நாய்களில் மண்டையோட்டின் முன்பகுதி குறுகிவிட்டது. அதற்குள் இருக்கும் மென்தசை அதே அளவுக்குக் குறுகவில்லை. எனவே நீண்ட மென் அண்ணம் (வாயின் மேற்கூரையின் பின்பகுதி) தொண்டையை அடைக்கிறது. மூக்குத் துளைகள் வெறும் கீற்றாகக் காணப்படுகின்றன. மனிதனைப்போல் உடல் முழுவதும் வியர்த்துத் தணியும் வசதி நாய்க்கு இல்லை. மூச்சிரைத்துத்தான் அது வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அந்த வழியே அடைபட்டிருக்கும்போது வெயில் நேரத்து நடை உயிருக்கே ஆபத்தாக முடியும். சில நாய்கள் படுக்கும்போது முகவாயை ஏதேனும் ஒன்றின்மேல் உயர்த்தி வைத்தோ, வாயில் பொம்மையைக் கவ்வியபடியோ உறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பார்ப்பவர்கள் அதை அழகு என்று படம் எடுக்கிறார்கள்; அது மூச்சுக்குழல் மூடிவிடாதிருக்க அந்த உயிர் கண்டுபிடித்த வழி. 2012இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்றில், மூச்சுத்தடை உள்ள நாய்களின் உரிமையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் நாய்க்கு மூச்சுத் தொல்லை இல்லை என்றே கூறியிருந்தார்கள். அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். அந்த ஒலியே அந்த இனத்தின் ஒலி என்று பழகிவிட்டவர்கள்.

புல்டாக்கின் வரலாறு இதைவிடக் கசப்பானது. காளைமேல் ஏவப்பட்ட அந்த நாய்கள் முற்காலத்தில் ஓட்டமும் பாய்ச்சலும் உடையவை. 1835இல் இங்கிலாந்து அக்கொடிய விளையாட்டைத் தடை செய்தது. அது நல்ல சட்டம். பின்னர் அதே நாயைக் கண்காட்சிக்காக வளர்த்தவர்கள், தலையைப் பெரிதாக்கி, முகத்தைக் குறுக்கி, இடுப்பை ஒடுக்கினார்கள். இன்று அவ்வினத்தில் பிரசவங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அறுவை மூலம் நடப்பதாக ஆய்வு காட்டுகிறது. மனிதனின் உதவி இல்லாமல் பிறக்கவும் இயலாத ஒரு விலங்கை அழகுக்காக உண்டாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. நெதர்லாந்து அரசு, மூக்குப் பகுதி மண்டைப் பகுதியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள நாய்களை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுத்துள்ளது. பிற நாடுகளும் இதைப் பின்பற்ற வேண்டும்.

உங்கள் நாயைப் பொறுத்தவரை, எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டையை நீக்கி மார்புப்பட்டை அணிவியுங்கள். விடியற்காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ மட்டும் நடத்திச் செல்லுங்கள். மூக்குத் துளையை அகலப்படுத்தவும் அண்ணத்தைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை உண்டு. தேவையா என்பதை மருத்துவர் சொல்வார்.

கேள்வி: இனத்தில் வேறு இரத்தம் கலந்தால் இனமே கெட்டுவிடும் என்கிறார்கள். குறைகளைத் தீர்க்க வேறு வழி இல்லையா?

பதில்: பதிவேட்டை மூடிவிட்டு, அதற்குள் இருக்கும் நாய்களையே மீண்டும் மீண்டும் இணை சேர்த்தால், குறையுள்ள மரபணுக்கள் ஒன்றுகூடுவது தவிர்க்க முடியாதது. டால்மேஷியனில் அது நடந்துவிட்டது. யூரிக் அமிலத்தைக் கையாளும் மரபணு ஒன்று அவ்வினத்தின் எல்லா நாய்களிலும் பழுதுபட்டிருந்தது. நல்ல நகல் ஒரு நாயிடம்கூட மிஞ்சவில்லை. இதனால் சிறுநீரில் கல் உண்டாகி, ஆண் நாய்கள் சிறுநீர் கழிக்க முடியாமல் துடித்தன. இனத்துக்குள் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும், இல்லாத நகலைக் கொண்டுவர முடியாது. அமெரிக்க மரபியலர் ராபர்ட் ஷைபிள் 1973இல் ஒரு டால்மேஷியனை ஒரு பாயின்டரோடு ஒரே ஒரு முறை இணை சேர்த்து, பிறந்தவற்றில் நல்ல நகல் உடையவற்றை மட்டும் மீண்டும் மீண்டும் டால்மேஷியனோடே சேர்த்துவந்தார். சில தலைமுறைகளில் புள்ளிகளும் உருவமும் முழுமையாகத் திரும்பின. நோய் மட்டும் திரும்பவில்லை. ஆயினும் தூய்மை கெட்டுவிட்டது என்ற எதிர்ப்பால், அந்த வழிவந்த நாய்களை அமெரிக்கக் கென்னல் கிளப் முறையாகத் தன் பதிவேட்டில் ஏற்க 2011 வரை ஆயிற்று. இடைப்பட்ட முப்பத்தெட்டு ஆண்டுகளில் பிறந்த ‘தூய’ குட்டிகள் அனைத்தும் பழுதான நகலோடுதான் பிறந்தன.

இப்போது பல இனங்களில் இணை சேர்ப்பதற்கு முன் மரபணுச் சோதனை செய்து, பழுதான நகலைத் தாங்கிய இரண்டு நாய்கள் சேராதபடி பார்த்துக்கொள்ள முடிகிறது. குட்டி வாங்கச் செல்வோர் தாய் தந்தையின் வம்சாவளிச் சான்றிதழோடு அவற்றின் உடல்நலச் சோதனை முடிவுகளையும் கேட்க வேண்டும்; தாய் நாயை நேரில் பார்த்து, அது தடையின்றி மூச்சு விடுகிறதா, இயல்பாக நடக்கிறதா, அந்நியரைக் கண்டு ஒடுங்காமல் நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். தாயைக் காட்ட மறுக்கும் வளர்ப்பாளரிடம் குட்டி வாங்காதீர்கள்.